மூன்றாவது டிஸ்க்கில் பந்தி

அன்று அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. இளைய மகள், கம்ப்யூட்டருக்கு முன்னால். மனைவியின் தம்பி, வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில். அவன் பக்கத்தில் ஸ்டூலின் மேல் ஒரு கிளாஸ் சாயா. அதை அவன் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடம் முன்பு மூத்த மகளின் கல்யாணம். எங்கள் பக்கம் நெருங்கிய சொந்தக்காரன் தானாகப் போய்ப் பந்தியில் உட்கார மாட்டான். பெண்ணின் அப்பா வந்து கூப்பிட வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. அத்தான் என்னைக் கூப்பிடவில்லை, பட்டினியாகத் திரும்பினேன் என்று மைத்துனன் மறுநாள் சொன்னான். அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு துள்ளி வெள்ளம், பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வருவான். உட்காருவான். பேசுவான். குடிக்க மாட்டான். நல்ல வெயிலில் பெருங்கடவிளையிலிருந்து வருகிறவன், முக்குக் கடையில் சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு ஏறி வருவான்.

நான் கூப்பிட்டேனா? எனக்கு நினைவில்லை. அன்று எத்தனையோ பேரைக் கூப்பிட்டேன். ஒரே ஆளை இரண்டு தடவை கூப்பிட்டு, அவர் இரண்டு தடவை சாப்பிட்டதும் உண்டு. அதனால் நான் பதில் சொல்லவில்லை. பதினோரு வருடமும் சொல்லவில்லை.

இப்போது இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைக் கைபிடித்துப் பந்தலுக்குக் கொண்டுவர வேண்டியது தாய்மாமன். இருப்பது ஒரு மாமன். அவன் வரமாட்டேன் என்றான். மனைவி இரண்டு தடவை போய்ச் சொல்லிப் பார்த்தாள். மகள் ஒரு தடவை போய் அழுது பார்த்தாள். அசையவில்லை.

இதற்கிடையில் டிஸ்க் காரியம் வந்தது.

மூத்தவள் கல்யாணத்தை வீடியோக்காரர் மூன்று டிவிடியில் போட்டுத் தந்திருந்தார். ஒன்றில் தாலிகட்டு. இரண்டில் போட்டோவுக்கு நிற்கிறவர்கள். மூன்றில் பந்தி. மூன்றாவது முதல் நாளிலிருந்தே சரியில்லை. பிளேயரில் போட்டால் முதல் பந்தியில் பருப்பு விளம்புகிற இடத்தில் நின்றுவிடும். கரண்டி இலைக்கு மேலே நிற்கும். பருப்பு விழாது. அதற்கு மேல் யாரும் பார்த்ததில்லை.

ஓடாததை வைத்து என்ன செய்வது? நாலு வருடம் முன்பு மனைவி அதை நூலில் கட்டி, கிளியை விரட்டப் பயறுக் கொடிக்கு மேலே தொங்கவிட்டாள். நன்றாக மின்னியது. கிளி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பயறு தின்றது.

போன மாதம் மகள் டிஸ்க் பெட்டியைத் திறந்தாள். தொங்கினது மூன்றாவது இல்லை. முதலாவது. உறை மாறிப்போயிருந்தது. வெயிலும் மழையும் பட்டு, தாலிகட்டு தோல் உரிந்து கிடந்தது. மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டிலும் தாலிகட்டு டிஸ்க் ஒன்று உண்டு என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

மகள் பயந்துவிட்டாள். மிச்சம் இருக்கிற இரண்டையும் உடனே காப்பி எடுக்க வேண்டும், டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு என்றாள். அவளுக்கு நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீசில் வேலை. படிக்கும்போது வாங்கிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் வீட்டில் கிடந்தது. இப்போது வருகிறதில் டிஸ்க் போட இடமே இல்லையாம். பழையதில் உண்டு. தட்டை மட்டும் விரல் விட்டு இழுக்க வேண்டும்.

இரண்டாவது அரை மணியில் முடிந்தது. மூன்றாவது பருப்பில் நின்றது. மகள் வேறொரு புரோகிராம் போட்டாள். அது படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தை எடுக்குமாம். நான் ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிறவன். பட்டை கெட்ட மரத்தை விட்டு அடுத்த மரத்துக்குப் போவதுபோல என்று புரிந்துகொண்டேன்.

மனைவி அப்போதே தம்பிக்குப் போன் செய்தாள். பந்தி ஓடப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்றாள். அவனும் ஒரு வார்த்தை வைத்தான். அத்தான் வந்து கூப்பிட்டதைக் கண்டால் கல்யாணத்துக்கு வருவான். காணவில்லை என்றால் இனி யாரும் அவனிடம் கேட்கக் கூடாது.

அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்குத் தொடங்கியது. பதினொன்றரைக்கு நாற்பத்தொரு சதவீதம். பெட்டிக்குள் தேங்காய் திருவுகிற சத்தம். சாயாவில் ஆடை கட்டியது.

“சாயா ஆறுது, மக்கா,” என்றாள் மனைவி.

“எனக்கு வேண்டாம் அக்கா. பந்தியில விளிக்காத வீட்டில எனக்கு என்னத்துக்குச் சாயா?”

எழுபதில் கரண்ட் போனது. முக்கால் மணி கழித்து வந்தது. புரோகிராம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. மைத்துனனுக்கு அது பிடிக்கவில்லை. கெட்டுப்போன சாதனத்தை எதற்குக் கிடந்து தோண்டுகிறது என்று கேட்டான். வந்தவன் சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? அடுக்களையில் மீன்குழம்பு இருந்தது. மணி இரண்டாகியும் நாலு பேரும் பட்டினி.

முடிந்ததும் மகள் உடனே ஓட்டவில்லை. முதலில் இரண்டு புது டிஸ்க்கில் எழுதினாள். ஒரு பென்டிரைவிலும் போட்டாள். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் மூன்று என்று பெரிதாக எழுதினாள். பயறுக் கொடியை அவள் மறக்கவில்லை.

பிறகு ஓட்டினாள். பருப்பு விழுந்தது.

முதல் பந்தியில் அவன் இல்லை. இரண்டாம் பந்தியிலும் இல்லை. மைத்துனன் காலை நீட்டி உட்கார்ந்தான். மூன்றாம் பந்தியில் தூணுக்குப் பக்கத்தில் இருந்தான். அப்போது மீசை கறுப்பு. போளியைப் பிய்த்துப் பாயசத்தில் போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தான். வீடியோக்காரருக்கு அது பிடித்துப்போயிருக்க வேண்டும். கேமரா அவனை விட்டு நகரவில்லை. வருகிற போளி எல்லாம் போய்க்கொண்டிருந்தது. பசித்திருந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் விரல்விட்டு எண்ணினாள். ஏழு.

“மாமா, இது நீங்கதானே?”

“சட்டை எனக்க சட்டைதான்,” என்றான்.

“உள்ள இருக்கது ஆரு?” என்றாள் மனைவி.

அவன் நீட்டிய காலை மடக்கினான்.

“சரி, தின்னேன். பசிச்சுது, நானே போய் இருந்திருப்பேன். விளிச்சது ஆராக்கும்? அதக் காணிச்சுத் தா.”

மகள் பின்னால் ஓட்டினாள். அவன் பந்திக்கு வருகிற இடத்தில் படம் உடைந்திருந்தது. படிக்க முடியாமல் தாண்டிப்போன இடம் அது. பச்சைச் சதுரம், மஞ்சள் சதுரம். அவன் முகம் தெரிந்தது. கூட வந்த ஆள் முழுக்கச் சதுரம். அதிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“கை ஆருக்க கையாவும் இருக்கலாம்,” என்றான்.

மகள் அங்கே நிறுத்திப் பெரிதாக்கினாள். இடது கை. பெருவிரலில் நகம் இல்லை. நுனியும் இல்லை.

ரப்பர் கத்தி எடுத்துக்கொண்டுபோன விரல் அது. மூத்தவள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு. அன்று துணியைச் சுற்றி, ஜீப் பிடித்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன்தான்.

அவன் படத்தைப் பார்த்தான். என் மடியில் இருந்த கையைப் பார்த்தான். நான் கையை மறைக்கவில்லை. காட்டவும் இல்லை. எனக்கே அப்போதுதான் தெரியும், கூப்பிட்டிருக்கிறேன் என்று.

அவன் கிளாஸை எடுத்தான். ஆடையை விரலால் ஒதுக்கினான். ஒரு வாய் குடித்தான்.

“அக்கா, இதில சீனி போட்டியா?”

“காலத்த பத்து மணிக்குப் போட்டதாக்கும். அடியில கிடக்கும். கலக்கிக் குடி, மக்கா.”

கலக்கிக் குடித்தான். பிறகு மீன்குழம்பு என்ன மீன் என்று கேட்டான்.

கல்யாணத்தன்று மகளைக் கைபிடித்துப் பந்தலுக்குக் கொண்டுவந்தது அவன்தான். தாலிகட்டு முடிந்ததும் நான் அவனைப் பந்திக்குக் கூப்பிடப் போனேன். எழவில்லை. வீடியோக்காரர் வரட்டும் என்றான். அவர் வந்ததும் கேமராவுக்கு நேராக முழங்கையை நீட்டினான். இடது கையால் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். போளித் தட்டையும் நானே எடுத்தேன். அவன் போதும் என்று சொல்கிறவரை விளம்பினேன். இந்தத் தடவை எண்ணினேன்.

ஒன்பது.