வெட்டு மாஸ்டரின் ஆறு துண்டுகள்

துண்டு துண்டாக வெட்டிய பிறகும் ஒரு சொல் முழுசாகத்தான் இருக்கிறதா? ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் துணி வெட்டிய மாஸ்டர், ஐம்பத்தெட்டு வயதில் இந்தக் கேள்வியில் வந்து சிக்கிக்கொண்டார்.

மகள் போர்த்துகீசியம் பேசும் நாட்டில் குடியேறிவிட்டாள். மனைவி இறந்தபின் மாஸ்டர் தனியாள். மகளோடு போய்த் தங்க அனுமதி வேண்டுமானால் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். ஆகவே வேலை முடிந்ததும் மொழி வகுப்புக்கு மாடியேறினார்.

பெயர்ச்சொற்கள் எப்படியோ படிந்தன. வினைச்சொற்கள்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டன. ‘நாம் சந்தித்துக்கொள்வோம்’ என்பதற்கு டீச்சர் பலகையில் எழுதியது: என்கொன்த்ரார்-நுஸ்-எமுஷ். வினையைப் பிளந்து அதன் வயிற்றுக்குள் ‘நுஸ்’ என்ற இன்னொரு சொல்லைச் செருகியிருந்தார்கள்.

“நல்ல துணியக் கிழிச்சு நடுவுல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கே, டீச்சர்?”

“அப்படித்தான் மாஸ்டர். ஆறு அசை. பிரிச்சுப் பிரிச்சுப் பழகுங்க.”

மறுநாள் வெட்டு மேசையில் காகிதத்தை விரித்துக் கோடு போட்டார். என், கொன், த்ரார், நுஸ், எ, முஷ். சாப்பாட்டு நேரம் முழுக்க முணுமுணுத்தார்.

பொத்தான் தைக்கிறவள் எட்டிப் பார்த்தாள். “என்ன மாஸ்டர், யாரையாவது வசியம் பண்றீங்களா?”

“என் நாக்கைத்தாம்மா. அதுதான் வசப்பட மாட்டேங்குது.”

வகுப்பில் வாய் திறந்தால், “என்-ன்கொன்-ன்த்ரார்-ர்நுஸ்-ஸெ-எமுஷ்” என்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஓசை ஏன் இரண்டு முறை விழுகிறது என்று டீச்சருக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. ஒருநாள் டீச்சர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் இருபுறமும் இன்னொரு கோடு இருந்தது.

“இது என்ன கோடு?”

“தையலுக்கு விட்ட ஓரம். விடாம வெட்டினா எதை வச்சு இணைக்கிறது?”

“அதான் ஓசை ரெண்டு தடவை விழுது, பேச்சுக்கு அது வேண்டாம் மாஸ்டர். மூச்சே இணைச்சிடும். இன்னொண்ணு, எழுதும்போது ‘நுஸ்’ஸோட நிக்கிற ‘ஸ்’, சொல்லும்போது அடுத்த அசைக்குத் தாவிடும்.”

“காகிதத்துல ஒரு இடத்துல வெட்டணும், வாயில வேற இடத்துலயா? நான் எந்த அளவுக்குத்தான் வெட்டட்டும்?”

மாஸ்டருக்கு மொழித் திறமை இருந்ததாகச் சொல்ல முடியாது. பிடிவாதம் இருந்தது, அதுவும் பாதி நாள்தான். ஓரம் விடாமல் வெட்டினால் சொல் கையை விட்டு உதிர்ந்தது. விட்டு வெட்டினால் தடித்தது. எது சரி என்று பிடிபடாமலே தேர்வுக்குப் போனார். அந்தச் சொல் அங்கே ஒரே மூச்சில் வந்து விழுந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. குறைந்தபட்ச மதிப்பெண்ணில் தேறினார்.

மகள் போனில் கத்தினாள். “அப்பா, பாஸாயிட்டீங்க! எப்ப டிக்கெட் போடட்டும்?”

“இப்ப வேண்டாம்மா.”

“ஏம்ப்பா? இதுக்குத்தானே இவ்வளவு பாடு?”

மறுவாரம் குடியேற்ற விண்ணப்பத்தை நிரப்பாமலே உறையில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த நிலை வகுப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மகள் அழுதும் கேட்டாள், டீச்சர் சுற்றி வளைத்தும் கேட்டார். வெட்டிய ஆறு துண்டும் அன்று எப்படி ஒரே சொல்லாயின என்பது பிடிபடாமல் வகுப்பை விட அவருக்கு மனமில்லை; அந்தக் காரணம் மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.