கலர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த மருந்து

சூலூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் கோவிந்தராஜுலு. எந்தச் செடிக்கு எந்த மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் தன் வீட்டுக் கொல்லையில் படரும் அரசாணி என்கிற பறங்கிக் கொடிக்கு ஒரு சொட்டு அடிக்க மாட்டார்.

விடிந்ததும் கொடிக்குள் குந்திவிடுவார். பனி காயாத நேரத்தில் சிவப்பு வண்டுகள் சட்டென்று பறக்காது. இலை இலையாகப் புரட்டி, பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுவார். இலைகளில் சாம்பல் தூவுவார். பழ ஈ குத்தாமலிருக்கப் பிஞ்சுகளை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிக் கட்டுவார்.

"பொணத்தச் சுத்தி வெச்ச மாதிரி இருக்குதுங்க மாமா" என்பாள் மருமகள் ஹாரிகா.

போன தை மாதம் ஒருநாள் காலை, கலங்கல் ஊர்க்காரர் பாலகோபால் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் கோவிந்தராஜுலு கொடிக்குள்ளிருந்து எழுந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அதே பாலகோபால் கடைக்கு வந்து, அரசாணிக் கொடிக்குக் கால் லிட்டர் மருந்து போதும் என்றார். அவர் நீட்டிய காலிக் கலர் சோடா பாட்டிலில் கோவிந்தராஜுலு ஊற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள், காட்டிலிருந்து தாகத்தோடு வந்த பாலகோபாலின் மனைவி பங்காரம்மா அதைக் கலர் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டாள். பிழைக்கவில்லை. கடையில் வந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் எழவுக்குப் போகவில்லை.

"ஏனுங்ணா, காய்கறிக் கொடியில வண்டு ஏறிப்போச்சுங்க. என்ன அடிக்கறதுங்க?"

"மருந்து வேண்டாங்க. சாம்பல் தூவுங்க." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு அந்தப் பாட்டில்ல நான் ஊத்தியிருக்கக் கூடாதுங்க. குடிக்கற பாட்டில்ல வேண்டாம்னு கடையில இருந்தவன் நான் சொல்லியிருக்கோணும்."

பாலகோபால் குனிந்து ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார்.

"பாட்டில் நான் கொண்டாந்ததுங்ணா. சன்னல்ல வெச்சவனும் நான்தானுங்க. அவ ஒரு மொடக்குக் குடிச்சுப்போட்டு, 'ஏனுங்க, இந்தக் கலரு ஏன் இப்படிக் கசக்குது'ன்னு என்னையத்தான் கேட்டா."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தனுங்க. திரும்பிக்கூடப் பாக்கல. கெட்டுப்போயிருக்கும், கொட்டிப்போடுன்னேன்."

ஒரு பையில் சாம்பலை வாங்கிக்கொண்டு பாலகோபால் போனார். அதன்பிறகு வரவில்லை.

பங்காரம்மாவின் குரலைக் கோவிந்தராஜுலு உயிரோடு கேட்டதே இல்லை. இப்போது தினமும் காலையில் இலைகளுக்குள்ளிருந்து, 'இந்தக் கலரு ஏன் இப்படிக் கசக்குது' என்று அது கேட்கிறது.

"யாருகூடங்க மாமா பேசறீங்க?" என்று சமையலறையிலிருந்து தலையை நீட்டிக் கேட்பாள் ஹாரிகா.

"யாருமில்லீங்க அம்மணி" என்பார். அவள் தலை உள்ளே போனதும் குனிந்து, தணிந்த குரலில் மறுபடி சொல்வார்: "துப்பிப்போடும்மா. முழுங்காம துப்பிப்போடு."