சங்கம் அனுப்பாத பட்டியல்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தேர்வெழுதி, செல்போன் இல்லாமலே தொலைவில் இருப்பவர்களோடு பேச உதவும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் வாங்கி, அந்த ரேடியோக்காரர்களின் தேசியச் சங்கத்திலும் சேர்ந்தேன். பேரிடரில் உதவுவோர் பட்டியலை மாவட்ட நிர்வாகத்துக்குச் சங்கமே அனுப்பிவிடும் என்று நம்பியதுதான் என் தவறு.

தாமிரபரணி பெருகி செல்போன்கள் அடங்கிய அன்று, ஆற்றோர ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, படகு வேண்டுமென்று என் ரேடியோவில் தகவல் வந்தது. மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினேன்.

"நீ யாரும்மா? சங்கத்துலயிருந்து லிஸ்டே வரலியே" என்றார் அலுவலர்.

நல்லவேளை, அங்கே நின்ற படகுக்காரர் அண்ணாச்சிக்கு என் அப்பாவைத் தெரியும். "உப்பளத்து முருகன் மவ சார், பொய் சொல்லமாட்டா. ஏளா, எந்த ஊருன்னு சொல்லு" என்று அப்போதே கிளம்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பட்டியல் ஏன் போகவில்லை என்று கேட்டுச் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். நிர்வாகிகள் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு மட்டும் வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. இப்போது ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்பும் உரிம நகலை நானே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, பட்டியலில் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.