கட்டையை வெட்டச் சொன்ன ஆர்டிஸ்

ஆர்டிஸ் வால்ட்னரின் உயரம் ஐந்தடி. அதற்கு மேல் அரை அங்குலம் உண்டு என்று அவள் சொல்லிக்கொள்வாள்; ஊரில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் சரளைச் சாலைகளைச் சமன்படுத்தும் ராட்சத வண்டியை இருபத்தாறு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால், ஆறடி ஆண்களின் தொப்பி மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரியும். ஒரு சாலையைப் பற்றி அவள் ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் மைதானத்தில் மட்டும் அந்தக் கெத்து செல்லவில்லை. எந்திரம் வீசுகிற களிமண் தட்டுகளைப் பறக்கும்போதே சுட வேண்டும். இருபத்தைந்துக்கு ஆர்டிஸ் பதினாறு உடைப்பாள், நல்ல நாளாக இருந்தால் பதினேழு. முப்பது வருடமாக இதே கணக்கு. தட்டு ஒன்று முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தால் போதும், பின்னாலிருந்து தம்பி டெல்மர் கத்துவான்:

"பொறுக்கி எடுத்து வையி ஆர்டிஸ்! அடுத்த வாரத்துக்கும் ஆகும்!"

அந்த வசந்தத்தில் பக்கத்துப் பண்ணை ஒன்று ஏலத்துக்கு வந்தது. கலப்பை, பால் பாத்திரம் எல்லாம் போன பிறகு முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஒரு பழைய பம்ப் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார்கள். குழலில் துரு, தோளில் வைக்கும் கட்டையில் ஒரு கீறல். யாரும் விலை கேட்கவில்லை. ஆர்டிஸ் போய் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் விட்ட கதவு மாதிரி சத்தமே இல்லாமல் வழுக்கி வந்தது. கையைத் தூக்கிவிட்டாள்.

அக்காவும் தம்பியுமாக அதைத் துப்பாக்கி பழுது பார்க்கும் ஓரின் ஹோஃபரிடம் கொண்டுபோனார்கள். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். இரும்பில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த ரகம் வெளிவந்த முதல் வருஷத்துத் துப்பாக்கி இது."

டெல்மர் துள்ளிக் குதித்தான். "நான் சொல்லல? துருவை எடுத்து, பழைய மெருகு போட்டு, கண்ணாடிப் பெட்டில வச்சிருவோம்!"

"நான் சுடறதுக்கு வாங்கினேன்டா."

"நீ சுடறதுக்கு இது எதுக்கு? ஒரு விளக்குமாறு போதுமே!"

ஓரின் அதைக் காதில் வாங்காமல் துப்பாக்கியை ஆர்டிஸிடம் கொடுத்துத் தோளில் வைக்கச் சொன்னார். அவள் கழுத்தை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து வைத்தாள். எப்போதும் அப்படித்தான் வைப்பாள். அவர் ஒரு நாடாவை எடுத்து அவள் முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்தார்.

"கட்டை உனக்கு ஒண்ணரை அங்குலம் நீளம் ஜாஸ்தி. நீ இதுவரைக்கும் சுட்ட துப்பாக்கி எல்லாமே இந்த நீளந்தானே?"

"ஆமா."

"முப்பது வருஷமா எவனோ ஒருத்தன் சட்டையப் போட்டுக்கிட்டு ஓடியிருக்க."

ஆர்டிஸ் துப்பாக்கியை இறக்கிக் கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் குறை தன் கண்ணில், தன் கையில் என்றே நினைத்திருந்தாள்.

ஓரின் இரண்டு வழியையும் சொன்னார். பழையபடி ஆக்குவதென்றால் மரத்தைத் தொடக் கூடாது. கீறலை ஒட்டி, துருவைப் பதமாக எடுத்தால் போதும். அவளுக்கு ஏற்றபடி ஆக்குவதென்றால் கட்டையை வெட்டி, தோளில் படும் அடிமுனையில் ரப்பர் வைக்க வேண்டும். "வெட்டினா வெட்டினதுதான். என்னைக் கேட்டா, இந்த மாதிரி மரத்துல ரம்பம் வைக்க எனக்கே மனசு வராது. புதுக் கட்டை ஒண்ணு செஞ்சு தரலாம், ஆனா அடுத்த வருஷம் ஆகும். யோசிச்சு வா."

மூன்று வாரம் யோசித்தாள். டெல்மர் தினமும் வந்து நச்சரித்தான். "இதை வெட்டினா ஊரே உன்னைக் காறித் துப்பும் பாரு. அந்த மரத்தோட வரியப் பாத்தியா? இப்ப அந்த மாதிரி மரம் எங்க இருக்கு?" அவன் சொன்னதில் பொய் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த வால்நட் மரக் கட்டை தேன் நிறத்தில் மின்னியது. அழகான பொருள் ஒன்று தன் கையால் பாழாகப் போகிறதே என்று அவளும் அதைத் துணியில் சுற்றி மறுபடி உள்ளே வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மழையில் அரித்த சாலையைச் சீர்செய்துகொண்டிருந்தபோது, தற்செயலாகக் காலைப் பார்த்தாள். பெடலின் மேல் ஒரு மரத்துண்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளே மாட்டியது. கால் எட்டவில்லை என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். அரசாங்க வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்று ஒருவன் மேலிடத்தில் புகார்கூடச் சொன்னான். அதன் பிறகுதான் இந்தச் சாலைகளெல்லாம் ஒழுங்காக வந்தன.

வண்டியை அப்படியே ஓரங்கட்டி ஓரினுக்குப் போன் போட்டாள்.

"வெட்டுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா. துருவை மட்டும் எடுங்க. மினுக்க எல்லாம் வேண்டாம்."

மறுநாள் அவள் துப்பாக்கியோடு ஓரினிடம் போனபோது டெல்மரும் கூடவே வந்தான், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. ஓரின் கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். பிறகு சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"டெல்மர், இங்க வா. இது என்ன?"

தகட்டுக்கு அடியிலிருந்த துளையின் உள்சுவரில், மரத்தின் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வரியோடு வரி சேர்த்து அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள். யாரோ எந்தக் காலத்திலோ இந்தக் கட்டையை வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். பின்னால் கை நீண்ட வேறு யாரோ ஒரு துண்டை ஒட்டி நீளமாக்கியிருந்தார்கள். ஓரின் நாடாவை வைத்தார். ஒட்டின துண்டு சரியாக ஒண்ணரை அங்குலம்.

ஆர்டிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "எனக்கு முன்னாடியே ஒரு குள்ளி இருந்திருக்காடா!"

"குள்ளனா இருக்கும்," என்றான் டெல்மர் முறுக்கோடு.

"யாரா இருந்தா என்ன? நல்லா சுட்டிருப்பாங்க."

ஓரின் பழைய ஒட்டின் மேலேயே ரம்பத்தை வைத்தார். இப்போது அவருக்கு மனசு வந்துவிட்டது.

ஆகஸ்டில் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட ஆறு ஊர்களுக்கிடையே சுடும் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு புகைபோட்ட ஒரு முழுப் பன்றித்தொடை. நான்கு வருடமாக அதைத் தட்டிக்கொண்டு போனவன் பக்கத்து ஊர் கென்ட் ராட்கே, ஆறடி நாலு அங்குலம். ஆர்டிஸின் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "அது என்ன, பொம்மைக் கடையிலயா வாங்கின?" என்றான்.

முதல் தட்டு பறந்தது. ஆர்டிஸ் கழுத்தை நீட்டவில்லை. துப்பாக்கி தானாகவே கன்னத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. தட்டு தூள். இரண்டாவதும் தூள். பத்தாவதும் தூள். பதினெட்டாவதில் டெல்மர் எழுந்து நின்றான். இருபத்தைந்து முடிந்தபோது அவள் ஒன்றுகூட விடவில்லை. ராட்கேயும் விடவில்லை.

ஐந்து கெஜம் பின்னால் தள்ளி நிற்கவைத்தார்கள். யார் முதலில் தவறவிடுகிறாரோ அவர் தோற்றவர். எட்டுத் தட்டு இருவரும் உடைத்தார்கள். ஒன்பதாவதில் காற்று திரும்ப, ராட்கேயின் தட்டு சட்டென்று தாழ்ந்து, முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

ஆர்டிஸ் ஒரு தோட்டாவைப் போட்டு முன்பிடியைத் தள்ளினாள்.

"விடு!" என்று எந்திரக்காரனுக்குக் குரல் கொடுத்தாள்.

தட்டு இடப்பக்கம், ரொம்பத் தாழ்வாகப் போயிற்று. சுட்டாள். வானத்தில் கறுப்புப் புகைபோல ஒரு பொட்டு மட்டும் மிச்சம்.

முதலில் கத்தியது டெல்மர்தான். "எங்க அக்கா! அது எங்க அக்கா!" என்று, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் உலுக்கி உலுக்கிச் சொன்னான். ராட்கே வந்து கை கொடுத்துவிட்டு, துப்பாக்கியை ஒரு தடவை வாங்கிப் பார்த்தான். தோளில் வைத்ததும் அவன் பெருவிரல் அவன் மூக்கிலேயே இடித்தது.

"இதை வச்சு மனுஷன் சுட முடியுமா?"

"என்னால முடியுது," என்றாள் ஆர்டிஸ்.

குச்சியில் குத்தி வறுத்த ஆட்டுக்கறியை எல்லோருமாகத் தின்று தீர்த்தார்கள். கிளம்பும்போது பன்றித்தொடையை வண்டியின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். டெல்மர் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றான்.

"அப்ப நான்?"

"பின்னால ஏறுடா."