மெஷின் நின்ற பிறகும் இருமல்

ஆம்பூரில் யார் இருமினாலும், முகத்தைப் பார்க்காமலே அவர்கள் எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பிரிவு, காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். காலைச் சாப்பாடு சும்மா சேர்த்தது, ஒப்புக்கொள்கிறேன். மீதியையும் முழுக்க நம்ப வேண்டாம்.

என் வீட்டுப் பின்பக்கத்தில் குடியிருக்கும் பிரிசில்லாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் நான் வைத்தது. தோல் தொழிற்சாலையில் பஃபிங் மெஷினில் வேலை. தோலை உரசி வழவழப்பாக்கும்போது மாவு மாதிரி தூசி பறக்கும். சாயங்காலம் அவள் வரும்போது புருவம் வெளுத்திருக்கும். அந்தப் பிரிவில் எல்லாரும் இருமுவார்கள். அதை யாரும் இருமல் என்று சொல்வதில்லை. 'தூசி' என்பார்கள், அவ்வளவுதான்.

எட்டு மாதமாக அவள் எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறாள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அவள் கணவன் ஜோசுவாவுக்கும் அதே தொற்று இருந்தது. ஆனால் அவனைக் கொண்டுபோனது காசநோய். ஒரு காலத்தில் பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்தவனைக் கடைசியில் அவள் ஒருத்தியே தூக்கி உட்காரவைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எச்.ஐ.வி.யைவிட அந்த நோயின் மேல்தான் பயம்.

மார்கழியில் வேலூர் ஆஸ்பத்திரியில், காசநோய் வராமல் தடுக்க ஆறு மாதம் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். கொடுப்பதற்கு முன் கேட்டார்கள்: இருமல் இருக்கிறதா, காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் வியர்வை?

"இல்ல மேடம்" என்றாள் எல்லாவற்றுக்கும். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை தூசி வேறு, இருமல் வேறு.

பொங்கலுக்குத் தொழிற்சாலை நான்கு நாள் மூடியது. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஜெபத்தின் நடுவே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாளாம். நேராக என் சமையலறை வாசலுக்கு வந்தவள் உள்ளே வரவில்லை.

"ஆயா, மெஷின் பக்கம் போயி நாலு நாளாச்சு. இன்னும் நிக்கல."

"உள்ள தங்கின தூசிடீ. எனக்குத் தெரியாத இருமலா?"

"எங்க வீட்டுக்காரரும் மொதல்ல தூசின்னுதான் சொன்னாரு."

நான் அடுப்பை அணைத்தேன்.

மாத்திரை அட்டையை நீட்டினாள். பத்தொன்பது காலியாகியிருந்தன. "இது வராம தடுக்கறதுக்கு. ஏற்கெனவே வந்திருந்தா இது மட்டும் பத்தாதாம். கிருமி இதுக்குப் பழகிப்போய்ட்டா அப்புறம் மருந்தே கேக்காதாம். அதுக்குத்தான் அப்படிக் கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன்."

"நாளைக்கே போய்ச் சொல்லிடு."

"போனா இன்னா சொல்லுவாங்களோ. போகாத வரைக்கும் இல்லன்னே இருக்கலாம் இல்ல?"

அன்று நான் கொடுத்த பொங்கலைத் தட்டோடு வாங்காமல், தன் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். முகத்தில் தொழிற்சாலை மாஸ்க்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவளே போனாள். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. முடிவு தெரியும்வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று நாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமும்போதெல்லாம் இந்தப் பக்கம் நான் எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். என் சொந்தத் தொண்டை கரகரத்தாலும் திடுக்கிட்டேன்.

வியாழக்கிழமை அவள் திரும்பி வந்தபோது மாஸ்க்கைக் கழற்றவில்லை. அதனால் எனக்கு உயிரே போய்விட்டது. மறந்துவிட்டாளாம்! கிருமி இல்லை. எக்ஸ்ரே சுத்தம். தூசியால் மூச்சுக்குழல் புண்ணாகியிருக்கிறது, அதற்குத் தனி மருந்து. தடுப்பு மாத்திரையைத் தொடர வேண்டும். இனி ஒவ்வொரு முறையும் தூசி இருமலானாலும் சொல்லியே ஆக வேண்டும்.

'தூசிதான் என்று நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன்' என்று எழுதிக் கதையை முடிக்கப் பார்த்தேன். பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டே படித்த பிரிசில்லா தாளைப் பிடித்து இழுத்தாள்.

"அது டெஸ்ட்ல தெரிஞ்சது ஆயா. நீங்க சொன்னப்போ உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத எழுதுங்க."