அண்ணனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் நடந்தது இது. எங்கள் ஊர் கோலார் தங்கவயல். ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நானும் அப்பாவும் அம்மாவும் இருந்தோம். தினமும் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு, அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இனி மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, சென்னையில் நேர்காணலை முடிக்க வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ சோறு இறங்கவில்லை.

காரணம் என் அண்ணன்.

அவன் எனக்கு முன்பே அதே நாட்டுக்குப் படிக்கப் போனவன். படிப்பில் தடுமாறி, பாதியில் விட்டுவிட்டான். அதோடு விசாவும் செல்லாமல் போயிற்று. திரும்பி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏதோ ஓட்டல் சமையலறையில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஊரில் கேட்பவர்களிடம் அம்மா, பையன் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லிவந்தாள். நாங்களும் தலையாட்டினோம். வீட்டுக்குள்கூட அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

பெங்களூரில் எனக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் ஒருவர் இருந்தார். உடன்பிறந்தவர்கள் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா என்ற கேள்வி வந்தது. நான் அண்ணனைப் பற்றிச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது. இல்லை என்று போட்டுவிடலாம் என்றார். நான் தயங்கினேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இருக்கான்னு சொன்னா உனக்கு விசா வராது. அதோட முடியாதும்மா. உங்க அண்ணனைத் தேடிக்கிட்டு ஆள் போகும். கூடப்பொறந்தவனை நீயே புடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

விசா வராது என்றதைக்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. விண்ணப்பத்தை இப்போது அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பக்கத்து அறையில் நாலைந்து பேர் நேர்காணல் பதில்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஊர் வந்து சேரும்வரை அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு யோசனை சொன்னார். அவர் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு குடியிருப்பில் காவலாளியாக இருந்து ஓய்ந்தவர். ஆபீசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருப்பார் என்று கேட்டுவிட்டு, சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே குழாயடியில் ஃபைலோடு நிற்க வேண்டும். சுரங்கத்தில் பழகிய இங்கிலீஷில், எதற்கு இந்தப் படிப்பு என்று அதட்டலாகக் கேட்டார். ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் புரியல. நீ இன்னா படிக்கப் போற, அத்த சொல்லு" என்றார்.

அப்புறம்தான் என் வார்த்தையில் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தெரிகிறதே சயனைடு மண்மேடு, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு, காற்றுக்காலம் வந்தால் அந்தத் தூசு சோற்றிலும் துணியிலும் விழுகிறது. அந்த மாதிரி மண்ணைப் பறக்கவிடாமல் பிடித்துவைப்பதற்கான படிப்பு இது என்றேன். அப்பா தலையாட்டினார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போது அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க அண்ணன் எங்க கீறான்?"

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நான் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தேன். கேட்டவருக்கே முகம் வெளுத்துவிட்டது. விளையாட்டாக ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைய மாட்டி உட்ராதடி" என்று அழுதாள்.

மறுநாள் காலை அண்ணனுக்கு போன் செய்தேன். ஏஜென்ட் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் இங்க இருக்கேன்னு சொல்லிடு" என்றான். "யாராவது கதவைத் தட்டினா எனக்கு இன்னா ஆவுதுன்னு உனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்லி வந்தா நீயும் இப்படித்தான் இருக்கணும். வேணாம்."

உன்னைத் தேடி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வந்தால் வரட்டும் என்றான். தைரியசாலி பேசுகிற பேச்சாக அது இல்லை. அவன் குரல் அவ்வளவு களைத்திருந்தது.

விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். அண்ணன் இருக்கிறான் என்று போட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். விஷயம் தெரிந்ததும் ஏஜென்ட், இனி தனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

நேர்காணல் அன்று அப்பா என்னோடு சென்னைக்கு வந்தார். அவர் தூதரகத்துக்கு எதிர்ச்சாரியில் மர நிழலில் நின்றுகொள்ள, நான் மட்டும் உள்ளே போனேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு விசா மறுக்கப்பட்டது. அவர் என்னைக் கடந்து போனபோது அவர் முகத்தைப் பார்க்க பயந்து தரையைப் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டார். மண்மேட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு கணினியைப் பார்த்தபடியே, அண்ணன் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டார்.

படிக்கிறான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததை நான் மறைக்க மாட்டேன். அப்புறம் சொன்னேன். படிக்க வந்தான், பாதியில் விட்டான், விசா இப்போது செல்லாது, ஒரு சமையலறையில் வேலை செய்கிறான். சொல்லும்போதே அண்ணன் வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல் இருந்தது.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியும்" என்றார் இங்கிலீஷில்.

இல்லை என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இடத்தில்தான் உறைத்தது. ஆனால் அதிகாரி விடவில்லை. உங்கள் அண்ணன் திரும்பிப் போகவில்லை, நீங்கள் போவீர்கள் என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். நம்பவைக்க எனக்குத் தெரியவில்லை, ஆனால் எங்கள் அம்மா மகனைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது, அவன் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு வாழ்கிறான், அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்றேன். அவர் எதையோ தட்டெழுதினார். முடிவு சொல்ல இன்னும் அவகாசம் வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்த வாரங்கள்தான் கொடுமை. அண்ணன் ஒரு நாள் போன் எடுக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் விசா கிடைத்த செய்தி வந்தது. நான் முதலில் கூப்பிட்டது அண்ணனை. அவன் ஹலோ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். பிறகு தயங்கித் தயங்கி, தனக்கும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்போல் இருக்கிறது என்றான். ஆனால் ஊரில் எல்லாரிடமும் என்ன சொல்வீர்கள் என்று கேட்டான். இத்தனை வருடமும் அவனை அங்கே நிறுத்திவைத்தது இந்தக் கேள்விதான் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "நடந்தத சொல்லிக்கிறேன். நீ கெளம்பி வா" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அடுத்த நாளே பக்கத்து வீட்டில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கிளம்புவதற்கு முன்பே அண்ணன் வந்துவிட்டான். அப்பா அவன் தோளில் கைவைத்து, ரொம்ப இளைத்துவிட்டாய் என்றார்.

உண்மை சொன்னதால்தான் விசா கிடைத்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அன்று நான் சொன்ன அந்த நாலு வாக்கியத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டில் யாரும் அண்ணன் பெயரைக் குரல் தாழ்த்திச் சொன்னதில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.