இரவல் பெயரில் தார் வேலை

2010ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நடைபாதைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தேன். அகதி வழக்கு முடியாததால் என்னிடம் சொந்த வதிவிட அட்டை இல்லை. புறநகரான கார்ஜில் இருந்த ஓர் அண்ணையின் அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்றுதான். அந்த ஒரு காரியத்துக்காக அவனுக்குக் கோயில் கட்டலாம். வேலைத்தலத்தில் அண்ணையின் பெயரைக் கூப்பிட்டால் நான் திரும்புவேன்.

இங்கே நடைபாதைத் தாரை முழங்காலில் நின்று கையால்தான் இழுக்க வேண்டும். லொறியிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். நாங்கள் மரப்பலகையால் தேய்த்து மட்டமாக்குவோம். முகம் வேகும், முதுகு விறைக்கும். குளிரில் தார் சட்டென்று இறுகிவிடும். நடுவில் விட்டால் பொருத்துக் கோடு விழும். அதற்குள் தண்ணீர் போய் உறைந்தால் அடுத்த மாதமே வெடிக்கும். ஊற்றியதை முடிக்காமல் யாரும் எழும்புவதில்லை.

அன்று காலை சட்டைப்பையில் கைபேசி மூன்று தரம் அதிர்ந்தது. முடித்துவிட்டு எழும்பிப் பார்த்தேன், யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை. திருப்பி எடுத்தேன். அம்மா விடியப்புறம் போய்விட்டார் என்றாள். சண்டை முடிந்து அடைத்துவைத்திருந்த முகாமில் பிடித்த இருமல் கடைசிவரை விடவில்லையாம். சரி என்றேன். கண்ணீர் வரவில்லை. அதற்குள் அடுத்த லொறி வந்துவிட்டது.

தாய் இறந்தால் மூன்று நாள் லீவு உண்டு. போன கிழமைதான் கூட வேலைசெய்த போர்த்துக்கீசன் எடுத்திருந்தான். மேற்பார்வையாளர் கடுதாசிகூடக் கேட்கவில்லை. வழக்கு முடியாமல் ஊருக்குப் போக முடியாதுதான். அறையில் கிடந்து அழவாவது செய்யலாம். மேற்பார்வையாளரிடம் போய் வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது: இங்கே நான் அண்ணை. என் அம்மா செத்துவிட்டார் என்றால், செத்தவர் அண்ணையின் அம்மா. அவரோ கார்ஜில் உயிரோடு இருக்கிறார். ஞாயிறுதோறும் அவர் கையால் சாப்பிடுகிறவன் நான். இருக்கிற மனுசியைச் செத்துப்போனார் என்று எந்த நாக்கால் சொல்வது? பல்லுக் குத்துகிறது என்றேன். மேற்பார்வையாளர் தோளில் தட்டித் திரும்ப வேலைக்கு அனுப்பினார். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்ஜுக்குப் போனேன். நான் போனில் சொன்ன சாவுச் செய்தியை அண்ணை வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவருடைய அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, லீவு தந்தார்களா என்று கேட்டார். நான் கேட்கவேயில்லை என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். நல்லகாலம் என்று அண்ணை மூச்சு விட்டார். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"விசர்ப்பிள்ளை, நான் செத்துப்போனன் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார். "சொன்னாப்போலை செத்தே போடுவன்? மூண்டு நாள் இருந்து அழுதிருப்பாய்."

அந்த மூன்று நாளும் போய்விட்டிருந்தது. என் அம்மாவுக்கு நான் இன்றுவரை அழவில்லை.